மடிப்புக்குள் போன சொல்

ஜெனிதா ஆங்கிலம் பேசத் தொடங்கியது முப்பத்து நாலாவது வயதில். உப்புவெளியில் ஆறு அறைகள் உள்ள ஒரு விடுதியில் அவளுக்கு வேலை. கட்டில் விரிப்புகளை மாற்றுவாள், குளியலறைகளைத் தேய்ப்பாள், கடற்காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைக் கூட்டுவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கமாட்டாள். அவள் வெள்ளைக்காரரோடு கதைக்கப்போகிறாள் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவன் அவளுடைய கணவன் பேணாட்தான்.

விடுதிக்காரி சீலா அக்காவின் அலுமாரிக்கு மேல் ஆங்கிலம் பழகும் புத்தகம் ஒன்று கிடந்தது. ஜெனிதா அதை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பிரதி எடுத்துக்கொண்டாள். தடித்த புத்தகம். கடைக்காரர் அதை நன்றாக விரித்து அமத்தவில்லை. வலப்பக்கத் தாள்களில் எல்லாம் வரியின் முதல் சொல் நடுமடிப்பின் கறுப்புக்குள் போய்விட்டது.

அப்படியொரு தாளில்தான் ‘யூஸ்ட் டு’ இருந்தது. அதற்குக் கீழ் வரியில் ‘வழக்கத்தைச் சொல்ல’ என்று இருந்தது. அவளுக்கு அது பிடித்துப்போனது. மற்ற இடங்களில் ஒரே சொல் கோ என்றும் கோஸ் என்றும் வென்ட் என்றும் ஆளை ஏய்த்தது. யூஸ்ட் டுவுக்குப் பின்னால் வருகிற சொல் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. எதைச் சொல்வதென்றாலும் அதைப் போட்டுச் சொல்லிவிடலாம். சீலா அக்கா காதில் விழாத நேரமாகப் பார்த்து அவள் விருந்தாளிகளிடம் சொல்லத் தொடங்கினாள். இந்த நாய் வழக்கமாக இங்கேதான் படுக்கும்: ‘த டோக் யூஸ்ட் டு ஸ்லீப் ஹியர்.’ தண்ணீர் பின்னேரம்தான் வரும். மதிலில் ஒரு மயில் வந்து நிற்கும். எல்லாமே யூஸ்ட் டு போட்டுத்தான். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். சிலர் அந்த நாய் படுக்கும் இடத்தை உற்றுப் பார்த்தார்கள். ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

நாலாம் அறைக்கு இத்தாலியிலிருந்து ஒரு வயதான அம்மா வந்து தங்கியிருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. எப்போதும் மெதுவாகப் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேசையைத் துடைத்துக்கொண்டு நின்ற ஜெனிதாவின் போனில் இருந்த படத்தைப் பார்த்து அவர் யார் என்று கேட்டார். ஜெனிதாவுக்குக் கூச்சத்தோடு ஒரு பெருமையும் வந்தது. “மை ஹஸ்பண்ட். ஹீ யூஸ்ட் டு கோ டு சீ,” என்றாள்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. எவ்வளவு நாள் என்று கேட்டார். பேணாட் புதன்கிழமை மீன்பிடிக்கப் படகேறியிருந்தான். ஜெனிதா இரண்டு விரல்களைக் காட்டி, “டூ டேய்ஸ்,” என்றாள். அந்த அம்மா அவள் கையிலிருந்த துணியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவனுடைய பெயரைக் கேட்டார். ஜெனிதா சொன்னாள். அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர். கடற்காற்று கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று ஜெனிதா நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை திரும்ப வேண்டிய படகு வரவில்லை. பேணாட்டின் போனும் வேலை செய்யவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்கு அவள் பஸ் ஏறி நகரத்துத் தேவாலயத்துக்குப் போனாள். வழக்கம்போலக் கடைசி வரிசையில், கதவோரமாக நின்றாள். வெளியூரிலிருந்து வந்திருந்த சாமியார் ஒருவர் பூசை வைத்தார். இறந்தவர்களின் பெயர்களைத் துண்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். நாலாவதோ ஐந்தாவதோ பெயர்: “உப்புவெளி பேணாட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.”

கோயில் முழுக்க ‘ஆமென்’ என்றது. அவளுடைய வாயும் பழக்கத்தில் ஆமென் என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது யாருடைய பெயர் என்று உறைத்தது.

பூசை முடிந்ததும் பீடத்துப் பூக்களை எடுக்க வந்த மனிதரிடம் போய் அந்தத் துண்டைக் காட்டச் சொன்னாள். ஒரு வெள்ளைக்கார அம்மா எழுதிப் பெட்டியில் போட்டதென்று அவர் சொன்னார். உருண்டை உருண்டையான ஆங்கில எழுத்து. விடுதியின் பதிவுப் புத்தகத்தில் நாலாம் அறைக்கு நேரே இருக்கும் அதே கையெழுத்து. ஒரு செய்தி வந்து, இந்த அம்மாவுக்கு அது முதலில் தெரிந்து, தனக்குச் சொல்லாமல் விட்டாரோ? பஸ்ஸில் வரும்போது வேறெதையும் அவளால் நினைக்க முடியவில்லை. வெளியே வெயில் எரித்தது. கடல் தகடு போல அசையாமல் கிடந்தது.

சீலா அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். நீ அந்த மனுசியிடம் என்னதான் சொன்னாய் என்று அவர் கேட்டார். ஜெனிதா சொல்லிக் காட்டினாள். சீலா அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

“எடியே, யூஸ்ட் டு எண்டா முந்தி இருந்தது, இப்ப இல்லை எண்டெல்லோ. உன்ர மனுசனை நீயே முடிச்சுப்போட்டாய்.”

பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டார். அலுமாரிக்கு மேலிருந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அமத்தினார். மடிப்புக்குள்ளிருந்து சொல் வெளியே வந்தது. ‘முன்பிருந்த வழக்கத்தைச் சொல்ல.’

ஜெனிதா முற்றத்தைப் பார்த்தாள். நாய் படுக்கும் இடம் வெறுமையாக இருந்தது. நாயைக் கண்டு இரண்டு கிழமை. மயிலும் இப்போது வருவதில்லை. பின்னேரத் தண்ணீர் நின்று ஒரு மாதமாகிறது. நாய் பக்கத்து வளவுப் பெட்டையோடு போயிருக்கும், குழாய் வெடித்திருக்கும் என்று சீலா அக்கா சொன்னார். ஜெனிதா கேட்டுக்கொண்டிருந்தாள். நம்பவில்லை. அவள் சொல்லிவிட்ட எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

நாலாம் அறை அம்மா அன்று புறப்படுகிறார். வாசலில் ஆட்டோ நின்றது. ஜெனிதா ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றாள். சொன்னதைச் சொல்லாததாக்க வேண்டும். இந்தச் சொல்லாவது சரியாக வர வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக நாக்கில் வைத்தாள்.

“மை ஹஸ்பண்ட் கோஸ் டு சீ. கோஸ்.”

அந்த அம்மா அவளைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினார். “யெஸ், மை டியர். ஹீ கோஸ்,” என்றார். அழுகிற பிள்ளைக்கு ஓம் ஓம் என்று சொல்லுகிற மாதிரி. ஜெனிதாவுக்கு அது விளங்கியது. புருஷன் செத்ததை இன்னும் ஏற்க முடியாத ஒருத்தியைத்தான் அவர் அணைத்துக்கொண்டு நிற்கிறார். அதற்குமேல் சொல்ல அவளிடம் ஆங்கிலம் இல்லை. ஆட்டோ போய்விட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் படகு துறைமுகத்துக்கு வந்தது. இயந்திரம் பழுதாகி இரண்டு நாள் மிதந்ததாம். வேறொரு படகுதான் கட்டியிழுத்து வந்ததாம். பேணாட் உதடு வெடித்து, கறுத்து, தன் காலில் நடந்து வந்தான். கூட வந்த யோகலிங்கம், கடலம்மாவுக்கே உங்கட மனுசனை வேண்டாமாம், திருப்பி அனுப்பிப்போட்டா என்று பகிடி விட்டார். ஜெனிதா பேணாட்டின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

வீட்டில் அவன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். பூசையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அவன்தான் சொன்னான்.

“ஞாயிறு காலமை ஒரு விசயம். காத்தில்லை, அலையில்லை. எல்லாரும் படுத்துக் கிடந்தம். ஆரோ தண்ணிக்கையிருந்து என்னைக் கூப்பிட்டது. ‘உப்புவெளி பேணாட்’ எண்டு. கடலுக்கை ஆரப்பா ஊரைச் சொல்லிக் கூப்பிடுறது?”

“மற்றாக்களுக்கும் கேட்டதோ?”

“யோகலிங்கத்துக்குக் கேட்டது. அவர் எழும்பி, பதில் சொல்லாதை எண்டு என்ர வாயைப் பொத்த வந்தவர்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“கூப்பிட்டா என்ன சொல்லுறது? ஓம் எண்டனான்.”

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வாசல் படலையில் யாராவது பேணாட் என்று கூப்பிட்டால், அவளே முதலில் எழுந்து போய் ஆளைப் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் அவனைப் பதில் சொல்ல விடுகிறாள். அவனுக்கு இது சிரிப்பு.

இயந்திரம் திருத்திய பின், அடுத்த வியாழன் படகு மறுபடியும் புறப்பட்டது. துறைமுகம் வரைக்கும் போகாதவள் அன்று போனாள். பேணாட் ஐஸ் ஏற்றப் போன நேரம் பார்த்து யோகலிங்கத்துக்குக் கிட்டப் போய் நின்றாள். நாலு பேருக்கு முன்னால்தான் சொன்னாள்.

“அண்ணை, அங்க ஆரும் இவரைக் கூப்பிட்டா, பதில் சொல்ல விடாதேங்கோ.”

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற மனிதர். கடலின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.