கீரைப் பெட்டியில் ஊற்றிய மருந்து

சாலமனுக்குப் பயப்படக் காரணமே வேண்டாம். காசிமேட்டு விசைப்படகில் வலை இழுக்கிற ஆள். புயலுக்கு அசராதவன், பெண்டாட்டி தும்மினால் டாக்டரிடம் ஓடுவான். ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோனதை அனுபவித்தவனைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது ஆன்சி மறுபடி முழுகாமல் இருந்தாள்.

"தைராய்டு கொஞ்சம் குறைவு, மாத்திரையை விடாமல் போடட்டும்" என்றார் டாக்டர். அயோடின் பற்றாமல் போனாலும் இப்படி ஆவதுண்டு என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை மட்டும் சாலமன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் துளி அயோடின் கலந்தால் கீரை அதை உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும் என்று போனில் ஒரு வீடியோ வேறு பார்த்துவிட்டான். அந்தத் 'துளி' மட்டும் அவன் காதில் ஏறவில்லை.

மொட்டைமாடியில் பழைய மீன் பெட்டி ஒன்றில் ஆன்சி தன் கையால் முளைக்கீரை விதைத்திருந்தாள். தளதளவென்று வந்திருந்தது. கம்பி கிழித்த காயத்துக்குப் போடப் படகில் வைத்திருக்கும் அயோடின் பாட்டிலை எடுத்துவந்து, அவளுக்குத் தெரியாமல் முழுசாக அதில் கவிழ்த்தான். காலி பாட்டிலை மறுபடி படகிலேயே வைத்துவிட்டு ஒரு வாரத்துக்குக் கடலுக்குப் போனான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமே நஞ்சு, அயோடின் எம்மாத்திரம்!

கரை மறைந்தபிறகு, படகு ஓட்டும் மாரியப்பனின் கையை இரும்பு ரோப்பு கீறியது.

"இன்னாடா, மருந்து பாட்டில் காலியா கீது?"

சாலமன் சொன்னான்.

"அட பேமானி! புண்ணுக்குப் போடறத கீரைக்கா ஊத்துன? மாசமா கீற பொண்ணு அத்த துன்னா இன்னா ஆவறது?"

போனில் சிக்னல் இல்லை. வயர்லெஸ்ஸில் மாரியப்பன் கூப்பிட்ட படகுகளும் நடுக்கடலில்தான் நின்றன. 'கீரையைத் தொடாதே' என்று சொல்ல வழியே இல்லை. மீன் வாரும்போதும் ஐஸ் போடும்போதும் சாலமனுக்கு அதே நினைப்பு. சோறு இறங்கவில்லை. பெற்றவனே பிள்ளைக்கு எமனாகிவிட்டானோ?

கரை தொட்டதும் மீனை இறக்காமல் ஓடினான். ராயபுரத்து வீட்டில் மூச்சு வாங்க மாடியேறினால், பெட்டியில் வெறும் மண். கீரையைக் காணோம்.

"ஆன்சி! கீரைய துன்ட்டியா?"

பின்னாலேயே ஏறி வந்த ஆன்சியின் முகம் அழுது வீங்கியிருந்தது. "இல்ல மாமா. மொத்தமும் கருகிப் பூடுச்சி. நீ பாத்தா பயந்துக்குவேன்னு புடுங்கி எறிஞ்சிட்டேன். என் கையில எதுவுமே தங்காதா மாமா?"

அவள் சாப்பிடவில்லை என்று வந்த நிம்மதி அந்தக் கேள்வியில் காணாமல் போனது.

"உன் கை இல்லடி. நான்தான் கொன்னேன். படகு மருந்த மொத்தமா ஊத்திட்டேன். புள்ளைக்கு நல்லதுன்னு நெனச்சி."

ஆன்சி மீன் வாடையடிக்கும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அழுதுகொண்டே மார்பில் குத்தினாள்.

"அன்னிக்கே சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? செடி சாவ சாவ, புள்ள கீதா இல்லியான்னு வயித்த தொட்டுத் தொட்டுப் பாத்துகினு இருந்தேன்!"