கேளம்பாக்கத்தில் ஒரு வீடும் ஒரு சீட்டும்

சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். செங்கல்பட்டிலிருந்து விடியுமுன்னே கிளம்பிவிடுவதால், என் ஐந்து வயது மகள் அப்பா முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறாள். அதனால் கேளம்பாக்கத்துக்கே குடிவந்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இன்று ஒரு வீடு பிடித்துப்போனது. பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம்.

வீட்டுக்கார அம்மா, "மொதல்ல ஸ்கூல் சீட்டு வாங்கிகினு வா நைனா. சீட்டு கெடைக்கலன்னா மூணே மாசத்துல காலி பண்ணிகினு பூடுவ" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஃபாரம் வாங்க இன்றுதான் கடைசி நாள். ஆபீஸ் மேடம், "இந்த ஏரியா பசங்களுக்குத்தான் சார். வாடகை அக்ரிமென்ட் கொண்டாங்க" என்றார்.

"வூட்டுக்காரம்மா சீட்டு கேக்குது, நீங்க அக்ரிமென்ட் கேக்குறீங்க. ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு கீறீங்களா மேடம்?"

சிரித்தார். ஃபாரம் தரவில்லை.

திரும்ப வீட்டுக்கார அம்மாவிடம் ஓடினேன். "யக்கா, ஸ்கூலுக்குப் பக்கத்து வூடுதானே, நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "நா சொல்லி கேப்பாங்கன்னா, எம் பொண்ணு இன்னாத்துக்கு தெனம் பஸ் ஏறி திருப்போரூர் போயி படிக்குது?"

நான்கு மணிக்குப் பள்ளிக்கூட கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

என் மனைவியிடமிருந்து மூன்று மிஸ்டு கால். என்ன சொல்வதென்று தெரியாமல் பிரவுசிங் சென்டரில் ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன். இந்தப் பக்கம் பிள்ளையைச் சேர்த்த மகராசர்களே, எந்தக் கதவை முதலில் தட்டினீர்கள்? பதில் வரும்வரை நான் வெளியே வருவதாக இல்லை.