தங்கையன் போட்ட கையெழுத்து

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கூலிக்காரத் தெருவில் முதியோர் கல்வி வகுப்பு நடத்தியவள் செவ்வந்தி. அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின ஒரே பொம்பளை. அவளுக்கு வயது இருபத்து நாலு. படிக்க வந்தவர்களுக்கோ நாற்பது, ஐம்பது. சாயங்காலம் நடவு முடிந்து சேறு காயாத காலோடு வந்து உட்காருவார்கள். 'அ' போடச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். சரிதான் போ என்று புத்தகத்தை மூடிவிட்டு, அவரவர் பேரிலிருந்தே ஆரம்பித்தாள்.

அங்கேதான் வந்தது வினை. ஒருத்தரிடம் பேர் கேட்டாள். "தங்கான்" என்றார். செவ்வந்திக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உங்கப்பா வெச்ச பேரு என்ன மாமா?"

"தங்கையன்தான் புள்ள. நம்ம பேருல 'ஐயன்' இருந்தா ஆண்டை வீட்டுக்கு ஆகுமா? வெட்டிட்டாங்க."

"அப்ப முழுசா எழுதுங்க!"

மூன்று மாதம். 'ங்' போட மூச்சு வாங்கி, 'கை' போடக் கை வலித்து, மனுஷன் எழுதியே விட்டார்.

மிராசுதார் நிலத்தில் குடியிருக்கும் கூலிக்காரர்களுக்கு அந்த மனையையே பட்டா போட்டுக் கொடுக்க அரசாங்கம் சட்டம் போட்டதற்கு மறுவருஷம், எழுபத்திரண்டில், தாசில்தார் ஊருக்கு விசாரணைக்கு வந்தார். தங்கையன் மனுவில் ரேகை வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டிருந்தார். மிராசுதாரின் காரியக்காரர் குஞ்சிதபாதம் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எங்க பண்ணையோட பழைய பட்டியல்ல 'தங்கான்'னு இருக்கு. மனுவுல 'தங்கையன்'. ஆளே வேறங்க, தாசில்தார் சார். இவனுக்கு அந்த மனையில பாத்தியதை கிடையாது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போச்சே! தன் ரோஷத்தால் நாற்பது வருஷக் குடிசை போகப்போகிறதே என்று செவ்வந்தி தங்கையனிடம் ஓடினாள். "மாமா, பழையபடி தங்கான்னே சொல்லி ரேகை வெச்சுடுங்க" என்று கண்ணில் தண்ணீரோடு கெஞ்சினாள்.

தங்கையன் அசையவில்லை. "ரெண்டும் நான்தானுங்க. அவங்க கூப்பிட்டது ஒண்ணு, எங்கப்பா வெச்சது ஒண்ணு."

தாசில்தார் காரியக்காரர் பக்கம் திரும்பினார். "இவர் இல்லைன்னா, அந்தத் தங்கான் எங்கேய்யா? கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

குஞ்சிதபாதம் பட்டியலைப் புரட்ட ஆரம்பித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இதுக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு" என்று தாசில்தார் பேனாவைத் திறந்தார். "'தங்கான் என்கிற தங்கையன்'னு எழுதிட்டாப் போச்சு. மனை உங்களுக்குத்தான்."

அப்பாடா! செவ்வந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று தங்கையனின் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் நகர்ந்தால்தானே!

"ஐயா, ஒரு நிமிஷம். பேரை மாத்திப் போடுங்க."

"எப்படிப் போட்டா என்னய்யா?"

"நான் எழுதுற பேரு முன்னால இருக்கட்டும். அவங்க எழுதுனது பின்னால வரட்டும்."

தாசில்தார் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். செவ்வந்தி மூக்கைச் சிந்திக்கொண்டு கிட்டே போய், பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.