ஆத்தா வராத வெள்ளிக்கிழமை

மாரியாத்தா என் மேல் ஏன் வந்தாள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. விரதம் பிசகாத பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். நானோ சேந்தமங்கலம் போகிற வழியில் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள். எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் பண்ணை வாடை போகாது. வாயும் சும்மா இருக்காது. குழாயடியில் என்னோடு மல்லுக்கு நிற்காதவர்கள் குறைவு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாரியம்மன் நோன்புத் திருவிழாவின்போது, கோயில் முன்னால் நட்டிருந்த கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். குடத்தைச் சாய்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, ஊரே என்னைச் சுற்றி நின்றதும் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்ததும்தான். நடுவில் ஆத்தா என் மேல் வந்து ஆடி, வாக்கும் சொல்லிவிட்டுப் போனாளாம். கம்பம் நட்டுவிட்டால் கம்பம் எடுக்கும்வரை ஊரில் யாரும் கவுச்சி தொடக்கூடாது. நான் முந்தின நாள்தான், உடைந்த முட்டையை வீணாக்க மனமில்லாமல் ஆம்லெட் போட்டுத் தின்றிருந்தேன். பயத்தில் பூசாரியிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

"அது ஆத்தாளுக்குத் தெரியாமயா வந்தா? வந்து நிக்கறது உன்ற வேலை தாயி. மத்ததை அவ பாத்துக்குவா" என்றார் அவர்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நான் போய் நிற்க வேண்டும் என்று ஆயிற்று. கருவறைக்கு முதுகைக் காட்டி, கையில் வேப்பிலையோடு, சனங்களைப் பார்த்து நிற்பேன். பூசாரி உடுக்கை அடிப்பார். பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. முடிந்ததும், நான் என்ன சொன்னேன் என்று அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். நேற்றுவரை "ஏ புள்ளை" என்றவர்கள் "ஏனுங்க சாமி" என்றார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், இன்னொரு கரண்டி ரசம் கேட்கவே தயங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை வாழப்பாடியில் இருந்த என் அம்மா வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் தேடி வந்துவிட்டார்கள். "சாமி காரியம், போகாம இருக்காதடி" என்று அம்மாவே பஸ் ஏற்றிவிட்டாள்.

எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போனவர். வண்டி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. வழியில் ஓர் ஊரில் டீ குடிக்க இறங்கினாராம், வண்டி கிளம்பும்போது ஆளைக் காணோமாம். கூடப் போனவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அவள் ஆத்தாவிடம் வந்து கேட்டாள். ஆடி கழிவதற்குள் வந்துவிடுவான் என்று நான் சொன்னேனாம். பூசாரி சொல்லித்தான் எனக்கே இது தெரிந்தது. நானாகச் சொல்லியிருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஆத்தா சொன்னதை நான் என்ன செய்ய முடியும்? அவளைவிட நான்தான் அந்த ஆடி முழுக்கப் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன்.

ஆடி போனது, ஆவணி போனது. அவர் வரவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஐப்பசியில் ஒரு மழை வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தோடு வந்து, வரிசையில் அமைதியாக நின்றாள்.

அன்றைக்கு ஆத்தா வரவில்லை. பூசாரி கை ஓயும்வரை உடுக்கை அடித்தார். எனக்கு எல்லாம் தெரிந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தெரிந்தது, முன்னால் நின்ற குழந்தையின் மூக்குச் சளிகூடத் தெரிந்தது. ஆத்தாவை வரவழைப்பதற்காக என் தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள். ஈரச் சேலையில் ஊதக்காற்று பட்டதும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டித்தது. வெறும் குளிர்தான். சனங்களோ ஆத்தா வந்துவிட்டாள் என்று குலவையிட்டார்கள். நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தேன், நடுக்கத்தில் வார்த்தை வரவில்லை.

அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். "என்ற ஊட்டுக்காரரு உசுரோட இருக்கறாருங்களா ஆத்தா? அதை மட்டும் சொல்லுங்க. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

இருக்கிறார் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் இன்னொரு ஆடியை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

உடுக்கை நின்றது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஆத்தாளுக்கே தெரியலீங்களா?" என்றாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்?

"ஆத்தா இல்லை அக்கா, நான்தான். ஆத்தா இன்னிக்கு வரலை. எனக்குக் குளுருது, அவ்வளவுதான்" என்று ஓவென்று அழுதுவிட்டேன். கூட்டம் முணுமுணுத்தது. பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். இதோடு தொலைந்தது, இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையில் அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவள் போகவில்லை. எழுந்து, தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். "நீ எதுக்குப் புள்ளை அழுகறே? வா, ரெண்டு பேருமாச் சேந்து கேப்போம்" என்று என் தோளைப் பிடித்துக் கருவறைப் பக்கம் திருப்பினாள். அத்தனை வெள்ளிக்கிழமைகள் அங்கே நின்றிருந்தும், ஆத்தாவை நேராகப் பார்த்து நான் ஒன்றும் கேட்டதே இல்லை.

"எங்கடி வெச்சிருக்கறே அவரை?" என்று அவள் கத்தினாள்.

"எதுக்குடி என்னைக் கூப்புட்டே?" என்று நானும் கத்தினேன்.

ஆத்தா யாருக்கும் பதில் சொல்லவில்லை. தொண்டை கட்டும்வரை கேட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து வாசலில் நின்று, "ஏ புள்ளை, நேரமாச்சு, வா" என்றாள். நான் எழுந்து போனேன்.