ஸ்வென் கேட்ட கேள்விகள்

குகதாசனுக்குக் கப்பல் என்றால் போதும், சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை. பருத்தித்துறையில் பிறந்து, இருபது வயதில் கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவர். எண்பத்தாறாம் ஆண்டில் நோர்வேயின் ஒஸ்லோவில் இறங்கித் தஞ்சம் கேட்டார். பிறகு கொள்கலன் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியே காலம் போயிற்று. முதுகு கைவிட்டதும் வேலையை விட்டார். அம்மருட் புறநகர் வீட்டிலிருந்து ரயிலும் ட்ராமும் பிடித்து, துறைமுகம் தெரியும் எக்கபெர்க் மேட்டுக்குப் போய், கமராவோடும் தேத்தண்ணீரோடும் உட்காரத் தொடங்கினார்.

உக்ரைனில் போர் தொடங்கியபின் ஒஸ்லோவின் கடற்கழியான ஃபியோர்டுக்குள் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் கூடிவிட்டன. ஜெர்மன்காரர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் கூட்டுப் பயிற்சிக்குப் போகும் வழியில் வந்து நின்றார்கள். ஐரோப்பா இனித் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செய்தியில் தினமும் சொன்னார்கள். குகதாசன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பல்களின் மூக்கழகைப் பார்த்தார், படம் எடுத்தார், கப்பல் பிரியர்களின் முகநூல் குழு ஒன்றில் போட்டார்.

அங்கேதான் ஸ்வென் வந்தான். முதலில் பாராட்டினான். பிறகு எந்த லென்ஸ் என்று கேட்டான். தன் தகப்பனும் கப்பலில் வேலை செய்தவர் என்றான். குகதாசனுக்கு அவனோடு எழுதிக்கொள்வது பிடித்திருந்தது. மனைவி புஷ்பமலர் முதியோர் இல்ல வேலையால் களைத்து வருவாள். கப்பல் கதை கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

இலையுதிர் காலத்தில் கேள்விகள் மாறின. வரும்போது இருந்ததைவிடக் கப்பல் தண்ணீரில் தாழ்ந்து நிற்கிறதா? துறைமுக லொறிகள் எந்த வாசலால் வெளியே போகின்றன? வாசல் காவலர் எத்தனை மணிக்கு ஆள் மாறுகிறார்கள்?

கடைசிக் கேள்வியைப் படித்ததும் குகதாசன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று புஷ்பமலர் கேட்டாள்.

"ஊரிலை கருவாடு வாங்க ஒருத்தன் வந்தவன். நேவிப் போட் எப்ப போகுது, ஆர் ஆர் கடலுக்குப் போறவை எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டவன். அந்த மாசமே எங்கடை துறையிலை மூண்டு வள்ளம் எரிஞ்சது. இவனும் அப்பிடித்தான் கேக்கிறான்."

"அப்ப மறுமொழி போடாதேங்கோ. விடுங்கோ."

மகள் ஹம்சத்வனி விடவில்லை. அவள் நகரசபையில் வேலை செய்பவள். "அப்பா, போலீசுக்கு ஒரு துப்புக் குடுக்கிறதுதானே? இஞ்சை எல்லாரும் குடுக்கினம். ட்ரோன் பறந்தாலே உடனை போன் அடிச்சுச் சொல்லினம்."

"உனக்கென்ன விசரே?" என்றாள் புஷ்பமலர். "அப்பாவையே ஆரெண்டு திருப்பிக் கேட்டால்?"

குகதாசன் இரண்டு கிழமை யோசித்துவிட்டுத் தானாகவே போலீசுக்குப் போனார். ஹன்னே என்ற அதிகாரி காப்பி தந்து, ஸ்வென் எழுதியதை எல்லாம் படித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது சாதாரண ஆர்வம் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

அவர் கருவாட்டுக்காரன் கதையைச் சொன்னார். சொல்லும்போதே தப்புச் செய்துவிட்டோம் என்று உறைத்தது. பக்கத்தில் இருந்த இளைஞன் வேகமாகத் தட்டெழுதினான். அந்த வள்ளங்கள் யாருடையவை? நீங்கள் அவற்றில் போனதுண்டா? எந்த இயக்கம்? கப்பலில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள்? இப்போது எதற்காகப் போர்க்கப்பல்களைப் படம் எடுக்கிறீர்கள்? ஸ்வெனைப் பற்றிய கேள்விகள் எப்போதோ முடிந்துவிட்டிருந்தன.

பார்க்க வாங்கிய கமராவைத் திருப்பித் தந்தார்கள், நன்றி சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்குக் கீழே நெடுநேரம் நின்ற கறுப்பு வொல்வோ காரை அவர் திரைச்சீலை விலக்கிப் பார்த்தார். போனில் இரைச்சல் கேட்டால் வைத்துவிடுவார். அந்தக் கார் மூன்றாம் மாடிக்காரரின் மருமகனுடையது என்று ஹம்சத்வனி விசாரித்துச் சொன்னாள். "அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பினம்," என்றார்.

மார்கழியில் புஷ்பமலரின் அக்கா மகனுக்கு ஜெர்மனியில் கல்யாணம். கப்பலில் கீல் துறைமுகத்துக்குப் போனார்கள். இறங்கும் இடத்தில் ஜெர்மன் போலீஸ்காரன் அவருடைய கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனான். சேலைப் பெட்டியோடு இருவரும் ஓரமாக நின்றார்கள். பிறகு அவன் வந்து ஒன்றும் சொல்லாமல் சீட்டைக் கையில் தந்தான்.

"இடைக்கிடை எல்லாரையும் பாக்கிறவங்கள்தானே," என்றாள் புஷ்பமலர்.

"எனக்குப் பின்னாலை நிண்ட வெள்ளைக்காரனைப் பாத்தவங்களோ?"

"இந்தக் கதையைக் கல்யாண வீட்டிலை எடுக்காதேங்கோ."

அவர் எடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் வாசலைப் பார்க்கும் இடமாகத் தேடி உட்கார்ந்தார்.

மாசியில் ஹன்னே தொலைபேசியில் அழைத்தாள். ஸ்வென் என்று ஒருவன் இல்லையாம். அதே கேள்விகளை வேறு வேறு பெயர்களில் டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் போலந்திலும் கப்பல் படம் எடுப்பவர்களிடம் உளவுக்காரர் கேட்டிருக்கிறார்களாம்.

"இப்போது இந்த நாடுகள் எல்லாம் விவரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் தகவல்தான் முதலில் வந்தது. மிகவும் உதவியாக இருந்தது."

"அந்த விவரங்களோடு என் பெயரும் போனதா?"

"அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது," என்றாள்.

ஹம்சத்வனிக்குப் பெருமை தாங்கவில்லை. சிநேகிதிகளுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். "ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை," என்று சொல்லிவிட்டு, அன்றே முகநூல் கணக்கை மூடினார்.

வெயில் வந்ததும் கமரா இல்லாமல் எக்கபெர்க்குக்குப் போனார். கீழே நீளமான பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது; கண்டதுமே அதன் வகை அவருக்குத் தெரிந்தது. பக்கத்து வாங்குப் பலகையில் குழந்தை வண்டியோடு இருந்த பெண் சிரித்தபடி, "அது எந்த நாட்டுக் கப்பல்?" என்று கேட்டாள்.

குகதாசன் அவளையும் வண்டியையும் ஒருமுறை பார்த்தார்.

"தெரியாது," என்று சொல்லிவிட்டு எழுந்து ட்ராமுக்கு நடந்தார்.