சம்பளத்துக்குப் பதில் ரொட்டி

மலேசியாவின் ஸ்கூடாய் நகரில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் உணவுக்கடைக்குள் நுழைகிறேன். வாசல் பதாகையில் ஓட்டக்காரப் பெண் ஒருத்தி, பரோட்டா போன்ற ரொட்டி சானாயை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறாள். அவளே பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஐந்தாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். பெயர் கவிதா, பல்கலைக்கழக மாணவி.

“விளம்பரத்துக்குக் காசு தந்தாங்களா?” என்று கேட்கிறேன்.

“ஸ்டூடண்ட் காசு வாங்கக்கூடாதாம் அண்ணே. அதான் முதலாளி வருஷம் முழுக்க ரொட்டி ஃப்ரீன்னுட்டாரு. எனக்கு வேண்டியது கால்ல போட்டு ஓடுற சப்பாத்து லா! ரொட்டியக் கால்ல கட்டிக்கிட்டா ஓட முடியும்?”

“இப்ப எப்படி ஓடுறீங்க?”

“எங்க ஓடுறது? எடை ஏறிப்போச்சு. கோச் என்னைக் குண்டு எறியப் போட்டுட்டாரு. போன வாரம் தங்கம்!”

ரொட்டி சுடும் கல்லருகே நிற்கும் முதலாளி திரும்புகிறார். “அலமாக், ஐயையோ! புதுப் படம் எடுக்கணுமே!”

“சப்பாத்து தந்தாத்தான் படம்.”

ரொட்டி கருகுகிறது. முதலாளி அவளுடைய கால் அளவைக் கேட்கிறார்.