ஸ்டெல்லா அக்காவின் மாவுக்கட்டு போட்ட ஸ்டியரிங்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

காலையில் பழைய கிளினிக் வாட்ஸ்அப் குரூப்பில் அக்காவின் நம்பரிலிருந்தே மெசேஜ் வந்தது. எழுதியவர் அவர் கணவர் வின்சென்ட் அண்ணன். நாகர்கோவிலுக்கு போன் போட்டேன்... இரண்டு பேராலும் சரியாகப் பேச முடியவில்லை.

போனை வைத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு ஸ்டியரிங். மாவுக்கட்டு போட்ட ஸ்டியரிங். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா பிரசவ வார்டு நர்ஸ். ஸ்கேன் மெஷின் முதல் பல் டாக்டர் நாற்காலி வரை எது மக்கர் பண்ணினாலும் ரிப்பேர் பார்க்கிற டெக்னீஷியன் நான்.

அக்காவிடம் ஒரு பழைய அமெரிக்க கார் இருந்தது, படகு சைஸில். டிரைவிங் டெஸ்ட்டில் விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய கார்.

ஊரில் இருந்த வின்சென்ட் அண்ணன் மட்டும் நம்பவே இல்லை. "நீ சைக்கிளே ஓட்டமாட்ட, இதுல காரா?" என்று போனில் சிரிப்பாராம்.

அவர் முதல் தடவையாக விசிட் விசாவில் வருகிறார். வெள்ளிக்கிழமை சாயங்கால ஃபிளைட். "நானே கார் எடுத்துட்டு ஏர்போர்ட்டுக்கு வாறேன், கண்ணால பாருங்க" என்று அக்கா சவால் விட்டாச்சு.

அந்த வாரம் பார்த்தா ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்க வேண்டும்...

நம் உயரத்துக்கு ஏற்றபடி ஸ்டியரிங்கை மேலே கீழே சாய்த்து வைக்கிற டில்ட் வசதி உள்ள கார் அது. லீவரைத் தொடாமலே, ஆடும் பல் மாதிரி நாலு பக்கமும் ஆடியது. ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் அக்காவின் மடிக்கே வந்துவிடும்.

கராஜ் வைத்திருந்த பாகிஸ்தான்காரர் பட்டாணி பாய் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "பூரா பதல்னா படேகா சிஸ்டர். பார்ட்ஸ் மாஃபி." மொத்தமாக மாற்றணும், பார்ட்ஸ் இல்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரமா? அண்ணன் டாக்ஸியில் வந்து இறங்கி, வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாரே...

எங்கள் எலும்பு டாக்டரின் அசிஸ்டென்ட் ஒரு எகிப்துக்காரர். "மாஃபி முஷ்கில் சிஸ்டர்", ஒரு பிரச்சினையும் இல்லை என்று, பார்க்கிங்கிலேயே ஸ்டியரிங்கின் கழுத்துக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டார். முறைப்படி பஞ்சு சுற்றி, மேலே பிளாஸ்டர் வைத்து.

கட்டு காய்ந்ததும் மொத்த ஸ்டாஃபும் அதில் கையெழுத்து போட்டோம். சீக்கிரம் குணமடைய வேண்டும் என்று யாரோ நாலு மொழியில் எழுதினார்கள்.

வியாழக்கிழமை ஒரு ஸ்பீட் பிரேக்கரில் கட்டு உடைந்தது. யூனிஃபார்ம் முழுக்க வெள்ளைப் பொடியோடு அக்கா டூட்டிக்கு வந்து நின்றார். "மக்ளே, இனி ஆபரேஷன்தான். நீதான் சர்ஜன்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்தோம். முதலில் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற போல்ட்டுகளை முறுக்கினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆட்டம் அப்படியே இருந்தது.

"தள்ளு லே" என்று அக்கா ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். நான் ஸ்டியரிங்கை ஆட்ட, அவர் கீழிருந்து மேலே இடம் இடமாக வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். வீல் பக்கத்தில், கழுத்தில் வைத்ததும் முகம் மலர்ந்தது. "இங்கதான் டக்கு டக்குன்னு கேக்கு."

பேட்டரி வயரைக் கழற்றி, வீலை எடுத்து, டில்ட்டின் இரண்டு பக்க பின்னையும் உருவினோம். பின்னுக்கென்று தனி டூல் வேண்டும், இல்லை. ஒரு சின்ன போல்ட்டும் சாக்கெட்டும் வைத்து ஒப்பேற்றினேன்.

உள்ளே நாலு போல்ட். மூன்று லூஸ், நாலாவது கழன்று எங்கேயோ உள்ளே விழுந்து கிடந்தது. என் விரல் போகவில்லை.

அக்கா வார்டிலிருந்து நீள ஃபோர்செப்ஸ் கொண்டுவந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, மெல்ல... வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினார். "தாயும் பிள்ளையும் சொகம்."

நட்சத்திரத் தலை போல்ட்டுகள். அதற்கான சாக்கெட் பல் டாக்டர் நாற்காலிக்கு வாங்கியது, கச்சிதமாகப் பொருந்தியது. திரும்பக் கழலாமல் இருக்க போல்ட் பசையும் போட்டு முறுக்கினேன். அக்கா ஸ்டியரிங்கில் தொங்கியே பார்த்தார். அசையவில்லை.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். பின்சீட்டில் டூல் பாக்ஸோடு நான்.

ஏர்போர்ட்டில் அண்ணன் முன்சீட்டில் ஏறினார். பெல்ட் போட்டார். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பார்க்கிங்கை விட்டு இடது பக்கம் திரும்பினோம். ஹார்ன் தானாக அடித்தது... நேராகப் போனதும் நின்றது. வரும் வழியில் இல்லாத சத்தம். அவசரத்தில் மாட்டிய ஹார்ன் வயர் இப்போது நழுவி உள்ளே எங்கோ உரசுகிறது. டூல் பாக்ஸை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"எதுக்கு ஸ்டெல்லா அடிக்க? முன்னால ஆளே இல்லியே" என்றார் அண்ணன்.

அக்கா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வந்தது ஊருக்குத் தெரியண்டாமா?"

அப்புறம் வந்தது ரவுண்டபவுட். வண்டிகள் வலது பக்கமாகவே ஓடும் அந்த ஊரில் ரவுண்டபவுட் என்றால் முழுக்க முழுக்க இடது பக்கம்தான்...

ஒரு முழுச் சுற்றும் ஹார்ன். பட்டுப்புடவையையும் பக்கத்து சீட் மாப்பிள்ளையையும் பார்த்த குவைத்திகள் கல்யாண கார் என்று நினைத்துத் தாங்களும் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். அக்கா எக்ஸிட்டை விட்டுவிட்டு இன்னொரு சுற்று சுற்றினார். தெரியாமல் விட்டார் என்று நான் நம்பவில்லை.

அண்ணன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் ஓட்டுதே" என்றார். கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

மறுநாள் வயரைச் சரிபண்ணப் போனேன். "இருக்கட்டு மக்ளே, அவரு ஊருக்குப் போனப்பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

அண்ணன் குவைத்தில் இருந்த நாளெல்லாம் எங்கள் தெருவில் அந்த ஹார்ன் கேட்டது. இன்று போனில் அண்ணன் முழுசாகச் சொன்னது ஒன்றுதான்: "அந்த ரவுண்டபவுட்டு... ஞாபகம் இருக்கா தம்பி?"

இருக்கு அண்ணே.

போயிட்டு வாங்க அக்கா. இடது பக்கம் திரும்பும்போது எங்களுக்குக் கேக்கும்.